கண்டிப்பும் அடியும்

பிள்ளையை அடித்த ஆசிரியர் யாரும் "அடித்தேன்" என்று சொல்வதில்லை. ஆசிரியர் அறையில் அதற்கு வேறு சொற்கள் உண்டு. "ரெண்டு தட்டு தட்டினேன்", "நாலு போட்டேன்", "நல்லா கவனிச்சு அனுப்பினேன்", "பூசை குடுத்தாத்தான் எட்டாம் வகுப்பு அடங்கும்" என்பவை அங்கே அன்றாடம் கேட்பவை. பூசை, அர்ச்சனை, மண்டகப்படி என்று கோயிலில் புழங்கும் சொற்கள் கூட இதற்காக இறங்கி வந்திருக்கின்றன. பெற்றோரிடம் பேசும்போதும் மேலதிகாரிக்கு எழுதும்போதும் இவை எல்லாம் மறைந்து ஒரே சொல் மிஞ்சும்: கண்டிப்பு. கண்டித்தேன், கண்டிக்க நேர்ந்தது, கண்டிப்பான ஆசிரியர். வகுப்பறையிலும் தலைமை ஆசிரியர் நாற்காலியிலும் கழிந்த என் பணிக்காலம் முழுவதும் இந்தச் சொல்லோடுதான் கழிந்தது. அதிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்றே. கண்டிப்பு என்பதைக் குறைந்த அளவாகவும் அடி என்பதை அதன் மிகுந்த அளவாகவும் வைத்துப் பேசுவது தவறு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒரு வகுப்பில் கண்டிப்பு எந்த இடத்தில் இல்லாமற்போகிறதோ அந்த இடத்தில்தான் பிரம்பு உள்ளே வருகிறது. இது விளங்காததால்தான் சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் நம் பள்ளிகளில் அடி ஒழியவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வெட்டுதல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது கண்டித்தல். கண்டம், கண்டனம் எல்லாம் அதன் உறவுகள். பேச்சில் அது வெட்டுவது கருத்தை: இது சரி, இது தவறு என்று இடையில் ஒரு கோடு போடுவது. ஒளிவுமறைவில்லாமல் முடிவாகப் பேசுபவரை "வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசுறவர்" என்கிறோமே, அந்த வெட்டுதான் இது. கடிந்து சொல்வது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. இன்றைய பேச்சில் அந்தச் சொல் அதிகமாக வருவது இன்னொரு பொருளில்: "கண்டிப்பா வந்துடுறேன்", "நாளைக்குக் கண்டிப்பா முடிச்சுத் தர்றேன்". அதாவது நிச்சயம். சொன்னது நடக்கும், மாறாது. ஆசிரியத் தொழிலுக்கு மிக வேண்டிய பொருள் இதுதான். எவருடைய சொல் நிச்சயமோ அவரே கண்டிப்பான ஆசிரியர். வெள்ளிக்கிழமை நோட்டுத் திருத்தித் தருவேன் என்றால் வெள்ளிக்கிழமை தருவார். வீட்டுப்பாடம் எழுதாதவன் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்றால் ஊராட்சித் தலைவர் வீட்டுப் பிள்ளைக்கும் செங்கல் சூளையில் வேலை செய்பவர் பிள்ளைக்கும் அதுவேதான். மழைநாளிலும் ஆய்வு அதிகாரி வரும் நாளிலும் அவர் வகுப்பு ஒரே மாதிரி நடக்கும். பிள்ளைகள் இப்படிப்பட்டவரை மிகச் சீக்கிரம் இனம் கண்டுகொள்வார்கள். "அந்த சார் சொன்னா சொன்னதுதான்" என்ற பெயர் பிரம்பால் வருவதில்லை.

அடியின் தன்மை இதற்கு நேர்மாறு. எப்போது விழும், எத்தனை விழும், யார்மேல் விழும் என்பது யாருக்கும் தெரியாது. காலையில் சிரித்துவிட்டுப் போன அதே தவறுக்குக் கடைசிப் பாடவேளையில் அடி விழும். அரையாண்டுத் தேர்வு முடிவு வந்த வாரத்திலும், மேலிடத்தில் ஆசிரியர் திட்டு வாங்கி வந்த நாளிலும், சம்பளம் தள்ளிப்போன மாதத்திலும் கூடுதலாக விழும். யார்மேல் விழுகிறது என்று கூர்ந்து பார்த்தால் இன்னும் வேதனை. வந்து கேட்கக்கூடிய தகப்பன் உள்ள பிள்ளைமேல் கை தயங்கும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை, விடுதியில் தங்கிய பிள்ளை, வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லாத பிள்ளை, ஊரில் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பது பதிவேட்டைப் பார்க்காமலே எல்லோருக்கும் தெரிந்த பிள்ளை ஆகியோர்மேல் தயங்காது. கூடவே வரும் வசவும் அந்தத் தெருவைச் சொல்லித்தான் வரும். குழந்தை உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் பள்ளித் தண்டனைகளைப் பற்றி 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் உடல்வலியோடு மட்டும் நிற்காமல் மனத்துன்பத்தையும் பாகுபாட்டையும் சேர்த்தே பேசுவதற்குக் காரணம் இதுதான். ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறுகிற ஒன்றை நிச்சயம் என்ற பொருள்கொண்ட சொல்லால் அழைப்பது எப்படிப் பொருந்தும்?

இன்றையதைவிடக் கொடுமையான காலம் ஒன்று இருந்தது. ஆனால் அந்தக் காலம் தன் செயல்களுக்கு நேரான பெயர் வைத்திருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கயிறு கட்டி உத்தரத்திலிருந்து பையனைக் கைகளால் தொங்கவிடுவதற்குக் கோதண்டம் என்று பெயர். கழுத்தையும் காலையும் பிணைத்துக் கட்டி வைப்பது அண்ணாந்தாள். பெயரைக் கேட்டாலே செயல் கண்முன் வந்துவிடும். பெல்லாரி கலெக்டராக இருந்த ஏ. டி. கேம்ப்பெல் தம் மாவட்டப் பள்ளிகளைப் பற்றி 1823-இல் எழுதிய அறிக்கையில் இந்தத் தொங்கவிடும் தண்டனையும், மண்டியிட்டு மண்டியிட்டு எழச்செய்யும் தண்டனையும் வருகின்றன. முதலில் வந்த பையன் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர், இரண்டாவது வந்தவன் கையில் சுழி, மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் ஒன்று கூட என்ற வழக்கத்தையும் அவர் எழுதியிருக்கிறார். கொடுமைதான், ஆயினும் அடிக்கு அடி என்றே பெயர், எண்ணிக்கையும் உண்டு. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-இல் அறிக்கை தந்தபோது, வரி கட்டாத குடியானவர்களை வருவாய்ச் சேவகர்கள் வதைத்த முறைகளில் முதன்மையானவையாகக் உடலுறுப்புகளை இடுக்கி நெருக்கும் கிட்டியையும் அண்ணாந்தாளையும் குறித்தது. பள்ளிப் பையனுக்கும் வரிபாக்கி வைத்த விவசாயிக்கும் ஒரே வதை, ஒரே பெயர். அந்தப் பெயர் தெளிவாக இருந்ததால்தான் சாட்சி சொன்னவர்களால் நடந்ததைச் சொல்ல முடிந்தது, ஆணையத்தால் அதை எழுதிக்கொள்ள முடிந்தது. "கண்டித்தார்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அறிக்கையில் என்ன இருந்திருக்கும்?

சட்டம் அடியைத் தண்டனையாக வைத்திருந்த காலத்தில் அதை எப்படி வைத்திருந்தது என்பதையும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் கசையடி நீதிமன்றம் விதிக்கும் தண்டனையாக 1864-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பிறகு 1909-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு வரம்பு கட்டியது. எந்த நிலையிலும் 30 அடிக்கு மேல் கூடாது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு 15. பெண்களுக்குக் கூடாது. 45 வயதைக் கடந்தவர் என்று நீதிமன்றம் கருதுபவருக்குக் கூடாது. தவணை முறையில் அடிக்கக் கூடாது. உடல் தாங்காது என்று தெரிந்தால் நிறுத்த வேண்டும். அதற்கும் முன்னால் குற்றம் சாட்டப்பட வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், தீர்ப்பு எழுதப்பட வேண்டும். இத்தனை இருந்தும் அது மனிதத்தன்மைக்கு ஒவ்வாது என்று 1955-இல் நாடாளுமன்றம் கசையடியை ஒழித்தது. சிங்கப்பூரில் அது இன்றும் இருக்கிறது. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் பிரம்படி என்ற சொல் தமிழ்ச் செய்தித்தாளில் இன்றும் வருகிறது. உச்சம் 24 அடி, 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு மட்டும், மருத்துவர் பார்த்த பிறகு என்று அங்கும் அளவு உண்டு. அந்தத் தண்டனையை நான் ஏற்கவில்லை. ஆனால் அது தண்டனை என்ற சொல்லுக்கு உரிய உறுப்புகளைக் கொண்டிருக்கிறது. வகுப்பறையில் விழுந்த அடிக்கு இவற்றில் எதுவும் கிடையாது. குற்றம் கண்டவரும் விசாரித்தவரும் தீர்ப்புச் சொன்னவரும் கை ஓங்கியவரும் ஒருவரே. நேரம் அரை நிமிடம். கொள்ளையடித்துத் தண்டனை பெற்றவனுக்கு 1955-இல் கிடைத்த பாதுகாப்பு, எழுத்துப் பிழை செய்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் 2003-இல்தான் கிடைத்தது.

2003-இல் நடந்தது தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆவது விதித் திருத்தம். திருத்தும் நடவடிக்கை என்ற பெயரில் மாணவருக்கு உடல்வலியோ மனவலியோ உண்டாக்கக் கூடாது என்றது அது. தில்லியில் அதற்கு முன்பே 2000 டிசம்பரில் உயர் நீதிமன்றம், பள்ளியில் அடிக்க இடம்கொடுத்த விதியைச் செல்லாதென்று அறிவித்திருந்தது. பிறகு 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்து, மீறுபவர்மேல் பணிவிதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை என்றது. சட்டத்தில் குறையில்லை. ஆனால் நடவடிக்கை என்று வரும்போது வழி மாறிப்போகிறது. அரசுப் பள்ளியில் புகார் வந்தால் பணிவிதிகளின் 17(அ) அல்லது 17(ஆ) விதிப்படி ஒரு குறிப்பாணை, அதற்கு ஆசிரியரின் விளக்கம், மேலே ஓர் அறிக்கை. இந்த விளக்கங்களைப் படிப்பது தலைமை ஆசிரியர் வேலையின் ஒரு பகுதி. அவற்றின் நடை ஊருக்கு ஊர் மாறாது: "மாணவனின் எதிர்கால நலன் கருதி லேசாகக் கண்டித்தேன்." மாணவன் தரப்பை யாராவது எழுதி வாங்கியிருந்தால் அது வேறு மாதிரி இருக்கும்: எந்தக் கை, மர ஸ்கேலா பிரம்பா, எத்தனை, எங்கே வீங்கியது, அப்போது யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றியவை என்று படிப்பவருக்குத் தோன்றவே தோன்றாது. கோப்பு மேலே போகும்போது பெரும்பாலும் ஆசிரியரின் சொல்தான் போகிறது. கண்டிப்பது தவறில்லையே! கண்டிக்கத்தானே ஆசிரியர்? கோப்பு அங்கேயே முடிந்துவிடும். சட்டம் அடியைத் தடுத்தது. கோப்பில் அடி என்ற சொல்லே இல்லை. மூன்று பிள்ளைகளில் இருவர் அடி வாங்குகிறார்கள் என்று 2007-இல் மத்திய அரசின் ஆய்வு சொன்னதே, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு, அந்த ஆய்வில் உண்மை வெளிவந்ததற்குக் காரணம் அது குழந்தைகளைக் கேட்டதுதான். தமிழ்நாடு அந்த 13-இல் இல்லை என்பதால் நாம் ஆறுதல் கொள்ள இடமில்லை.

இதற்கு வரும் மறுப்புகளை நான் சிறிதாக நினைக்கவில்லை. சொல்பவர்களில் என் மதிப்புக்குரிய ஆசிரியர்களும் உண்டு. முதல் மறுப்பு, பெற்றோரே கேட்கிறார்கள் என்பது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சேர்க்கை நாளில் சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு, 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகக் காப்பாளர் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்த செயலைக் குற்றமாகக் கொள்ளவில்லை. அடித்த ஆசிரியர்களுக்கு அது நெடுங்காலம் கேடயமாக இருந்தது. ஆனால் அந்தத் தகப்பன் சொன்ன வாக்கியத்தை முழுதாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோ இன்னொன்று இருக்கும்: "எனக்குப் படிப்பு இல்லீங்க, உங்க பிள்ளையா நெனச்சுக்குங்க." இவனை விட்டுவிடாதீர்கள், கடைசி வரிசையில் தள்ளிவிடாதீர்கள், என்னால் கவனிக்க முடியாததை நீங்கள் கவனியுங்கள் என்பதே அதன் கருத்து. தோலை உரிக்கச் சொல்வது, தன்னிடம் உள்ள எல்லா உரிமையையும் ஆசிரியர் கையில் ஒப்படைக்கிறேன் என்பதன் உச்சகட்டப் பேச்சு. அந்த நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு அதில் பிரம்பை மட்டும் எடுத்துக்கொள்வது அந்த மனிதருக்குச் செய்யும் துரோகம். ஒப்படைத்தவர் திரும்பி வந்து கேட்க மாட்டார் என்ற தைரியமும் அதில் கலந்திருக்கிறது.

பழமொழிகளையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர். அடியாத மாடு படியாது. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான். தமிழில் இவை இருப்பது உண்மை. ஆனால் பழமொழி ஒரு சமூகம் என்ன செய்துவந்தது என்பதற்குச் சாட்சி; செய்தது பயன் தந்தது என்பதற்குச் சாட்சியாகாது. பெண்களைப் பற்றியும் சாதிகளைப் பற்றியும் நம்மிடம் உள்ள பழமொழிகளில் பலவற்றை இன்று வகுப்பில் சொல்லவே கூசுகிறோம். அந்த வரிசையில் இவையும் போகட்டும். முருங்கை ஒடித்தால் தழைக்கும், அது மரத்தின் இயல்பு. பிள்ளையின் இயல்பு என்ன என்பதைப் பிள்ளைகளோடு பழகியவர்கள் சொல்ல வேண்டும். அடி விழுந்த பிள்ளை அந்த நேரம் அடங்குகிறது, உண்மை. அடங்கியபின் அது யோசிப்பது விடுபட்ட வாய்ப்பாட்டைப் பற்றியா, அடித்தவரைப் பற்றியா? அடுத்த முறை வாய்ப்பாட்டைப் படித்து வருகிறதா, மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழி தேடுகிறதா? தேர்வுத்தாளில் தகப்பன் கையெழுத்தைத் தானே போடுவதும், வயிற்றுவலி என்று சொல்லித் திங்கட்கிழமை வராமலிருப்பதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் தலையாட்டுவதும் அடி கற்றுக்கொடுக்கும் பாடங்கள். இவற்றில் கடைசியானதுதான் கற்பித்தலுக்குப் பெரும் கேடு. தெரியாது என்று ஒரு பிள்ளை பயமில்லாமல் சொல்லும் வகுப்பில்தான் ஆசிரியரால் எங்கிருந்து தொடங்குவது என்று கண்டுபிடிக்க முடியும்.

இரண்டாவது மறுப்பு, "நாங்கள் அடி வாங்கித்தான் ஆளானோம்" என்பது. இதைச் சொல்பவர் பெரும்பாலும் மேடையில் நிற்பவராகவோ நல்ல வேலையில் இருப்பவராகவோ இருப்பார். குரலில் தன் ஆசிரியர்மேல் உள்ள பாசமும் இருக்கும். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதே பிரம்புக்குப் பயந்து ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பையன் அந்த மேடைக்கு வருவதில்லை. அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையோடு முடிந்துவிட்டது. ஆளானவர்கள் மட்டும் சாட்சி சொல்லும் வழக்கில் தீர்ப்பு எப்படி இருக்கும்? மேலும், அவர்கள் நன்றியோடு நினைக்கும் அந்த ஆசிரியரைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்டால் வேறு விவரங்கள் வரும். ஒருநாள் விடாமல் வந்தார், மாலையில் இருக்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார், கட்டணம் கட்டினார், வீடு தேடி வந்தார். ஆளாக்கியது இவைதான். அடி கூடவே இருந்தது, அவ்வளவே. கூட இருந்ததைக் காரணம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த தலைமுறை ஆசிரியர்களில் சிலர் வீடு தேடிப் போவதை விட்டார்கள், பிரம்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவதுதான் கடினமானது. கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள், இப்போது மாணவர்கள் ஆசிரியரை மதிப்பதில்லை, மிரட்டுகிறார்கள், தாக்குகிறார்கள் என்பது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அன்று தமிழ்நாட்டின் எல்லா ஆசிரியர் அறைகளிலும் விழுந்த அச்சம் இன்னும் முழுதாக விலகவில்லை. அந்த அச்சத்தை யாரும் இலேசாகப் பேசக் கூடாது. ஆசிரியர்களின் குறை நியாயமானது: பிரம்பை வாங்கிக்கொண்டவர்கள் அதற்குப் பதிலாக எதையும் கையில் கொடுக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை 35-க்கு ஒருவர் என்று சொல்கிறது. அந்தக் கணக்கைப் பள்ளி முழுவதற்கும் சராசரி பார்த்து நிறைவேற்றிவிட்டால், ஒரு குறிப்பிட்ட அறையில் 60 பேரோடு நிற்கும் ஆசிரியரின் நிலை மாறாது. பள்ளியிலேயே இருக்கும் உளவியல் ஆலோசகர் பெரும்பாலான பள்ளிகளுக்குக் கனவு. வகுப்பை நடத்தும் கலையைப் பயிற்சிக் கல்லூரியில் தேர்வுக்கான பாடமாகப் படிப்பதோடு சரி. வகுப்பில் நின்று பழகுவது குறைவு. இவற்றையெல்லாம் கேட்டுப் போராட ஆசிரியர் சங்கங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கத்தியோடு வரும் மனநிலையில் உள்ள பையனைப் பிரம்பு நிறுத்தியிருக்கும் என்று நம்புவது தொழில் தெரிந்தவர் பேச்சாக எனக்குப் படவில்லை. பிரம்பு அடக்குவது சின்னப் பிள்ளைகளை, பயந்த பிள்ளைகளை, ஏற்கெனவே அடங்கியிருக்கும் பிள்ளைகளை. ஆசிரியர் உண்மையில் பயப்படும் பதினேழு வயதுப் பையன்மேல் அது ஓங்கப்பட்டதே இல்லை.

லேசாகத் தட்டுவது அடியா என்ற கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தட்டு என்பது கொடுப்பவரின் கணக்கு. சிறார் நீதிச் சட்டம் 2015, உடல் தண்டனையை வரையறுக்கும்போது வேண்டுமென்றே வலி உண்டாக்குவதைத்தான் அளவுகோலாக வைக்கிறது; நோக்கம் ஒழுங்குபடுத்துவது, திருத்துவது என்றாலும் அது உடல் தண்டனைதான் என்று அந்த வரையறையே சொல்லிவிடுகிறது. அந்தச் சட்டத்தின் தடை குழந்தைகள் இல்லங்களைப் பற்றியதுதான். ஆனாலும் வரையறை பள்ளிக்கும் பொருந்தும் அளவுக்குத் தெளிவானது. வலிக்க வேண்டும் என்று செய்தால் அடி. முட்டி போட வைப்பதும், வெயிலில் நிறுத்துவதும், ஐம்பது தோப்புக்கரணமும் அதில் அடங்கும். பிள்ளையார் முன்னால் தானாகப் போடும் தோப்புக்கரணத்தை இதோடு குழப்ப வேண்டாம்.

எனவே சக ஆசிரியர்களுக்கும், முக்கியமாகத் தலைமை ஆசிரியர்களுக்கும், ஒரு வேண்டுகோள். கண்டிப்பு என்ற நல்ல சொல்லை நம் தொழிலுக்கு மீட்டுக்கொள்ளுங்கள். பள்ளியின் விதிகள் ஐந்தோ ஆறோ போதும். மீறினால் என்ன என்பதையும் சேர்த்து எழுதி ஜூன் மாதமே வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள், எல்லோருக்கும் ஒன்றுபோல் நடத்திக்காட்டுங்கள். அடி பற்றிப் புகார் வந்தால், ஆசிரியரின் விளக்கத்தைக் கேட்பதற்கு முன் பிள்ளை சொல்வதைப் பிள்ளையின் சொற்களிலேயே எழுதி வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் "கண்டித்தார்" என்று எழுதவிடாதீர்கள். அடித்திருந்தால் "அடித்தார்" என்றே எழுதுங்கள். சக ஆசிரியரைக் காட்டிக்கொடுப்பதாக அதை நினைக்க வேண்டாம்; அடிக்காத ஆசிரியர்களின் பெயர் அதனால்தான் காப்பாற்றப்படும். பள்ளிக்குள் சொல்ல முடியாத பிள்ளைக்கு 14417 என்ற கல்வி உதவி எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன. அந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு வகுப்பறையிலும், பிள்ளைகள் படிக்கும் உயரத்தில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.